பனியா, குளிரா? – குளிர்கால டயரும் கலைச்சொல்லின் பொறுப்பும்

மொழியைப் பற்றிப் பேசுவதற்கென அமைந்த பொழிவு வரிசையில் டயரைப் பற்றி ஓர் உரை எதற்கு என்னும் வினா எழுவது இயல்பே. ஒரு பொருளின் பெயரே அதைப் பயன்படுத்துவோரின் உயிருக்குக் காவலாகவோ கேடாகவோ அமையும் இடங்கள் சில உண்டு. மருந்துப் புட்டியின்மேல் எழுதிய பெயர் அத்தகையது. குளிர்நாடுகளில் கார் ஓட்டுவோர் வாங்கும் டயரின் பெயரும் அத்தகையதே. பெயரைத் தவறாகப் பொருள்கொண்டவர் தவறான டயரை வாங்குவார். தவறான காலத்தில் மாட்டுவார். தடையை அழுத்தும்போதுதான் அதன் விளைவை அறிவார்.

இப்பொருளைத் தஞ்சோங் மாலிமில் பேசுவதற்குப் பொருத்தம் உண்டு. டயரின் மூலப்பொருள்களுள் ஒன்றான இரப்பர் பேராக் மாநிலத்து மண்ணில் வேரூன்றிய ஆண்டு 1877. தென்னமெரிக்காவிலிருந்து இலண்டன் கியூ தோட்டத்திற்குச் சென்ற விதைகளின் வழிவந்த கன்றுகளுள் சில அவ்வாண்டில் கோலகங்சாரில் நடப்பட்டன. பின்னர்த் தோட்டங்கள் பெருகியபோது, பால்மரம் வெட்டும் பணியைத் தமிழர் பல தலைமுறைகளாகச் செய்தனர். கார் உருவாகும் ஊரும் இதுவே: புரோட்டோன் நிறுவனத்தின் தொழிற்சாலை 2003 முதல் இங்கு இயங்கி வருகிறது. சொல் உருவான ஊரும் இதுவே: 1922இல் தொடங்கப்பெற்ற சுல்தான் இட்ரிஸ் பயிற்சிக் கல்லூரியில் 1924 முதல் மலாய் மொழிபெயர்ப்புப் பணியகம் செயல்பட்டது. ஸாபா என்னும் அறிஞரின் தலைமையில் பள்ளிப் பாடநூல்களுக்கு மலாய்ச் சொற்கள் அங்கே ஆராய்ந்து தேர்ந்தெடுக்கப்பட்டன. இரப்பர், கார், கலைச்சொல் ஆகிய மூன்றும் கூடும் ஓர் ஊரில் டயரின் மொழியை ஆராய்வது புறம்பான செயலன்று.

இவ்வட்டாரத்தில் பிறந்து வளர்ந்த பொறியாளர் ஒருவர் கனடாவின் மான்ட்ரியல் நகரில் பணியேற்கிறார் என்று கொள்வோம். மிகுவிசைக் கார் ஒன்றைக் கோடைகாலத்தில் வாங்குகிறார். அதில் கோடைக்கால டயர்கள் உள்ளன. அக்டோபர் மாதம் பிறக்கிறது. பக்கத்து வீட்டு ஈழத் தமிழர், "தம்பி, வின்ரர் ரயர் போட்டாச்சோ?" என்று கேட்கிறார். "இன்னும் ஸ்னோ விழவில்லையே, அண்ணே" என்று நம்மவர் விடையிறுக்கிறார். அந்த விடையில் உள்ள பிழை வாகன அறிவின் பிழை மட்டுமன்று. சொற்பொருளின் பிழையும் ஆகும். அதை விளக்குவதே இவ்வுரையின் நோக்கம்.

1. பனி என்னும் சொல்லின் பரப்பு

தமிழில் 'பனி' மிகப் பழஞ்சொல். தொல்காப்பியம் கூறும் பெரும்பொழுதுகள் ஆறனுள் முன்பனியும் பின்பனியும் இடம்பெறுகின்றன. அங்கே பனி என்பது புல்நுனியில் துளிர்க்கும் நீர்த்துளியையும் அத்துளி விழும் காலத்தையும் குறிக்கும். 'பனித்தல்' என்னும் வினைக்கு நடுங்குதல் என்னும் பொருளும் உண்டு. வானிலிருந்து வெண்பஞ்சு போல உதிரும் பொருளைத் தமிழ்நிலத்துச் சமவெளியார் கண்டதில்லை. எனவே அதற்கெனத் தனிச்சொல் தோன்றவில்லை. பிற்காலத்தில் ஆங்கிலக் கல்வியின் வழியே அப்பொருள் அறிமுகமானபோது, பழைய 'பனி'யின்மேலேயே புதுப்பொருளும் ஏற்றப்பட்டது.

இன்று ஒரே சொல் நான்கு வேறு நிலைகளைச் சுமக்கிறது. காலைத் துளியும் பனி. மலைச்சாலையை மறைக்கும் மூட்டமும் பனி. தரையில் படியும் உறைந்த படலமும் பனி. வானிலிருந்து உதிரும் வெண்துகளும் பனி. கலைச்சொல்லாக்கத்தில் இவற்றைப் பனித்துளி, மூடுபனி, உறைபனி, வெண்பனி என்று பிரித்துக்கொள்ள இயலும். பேச்சில் பிரிப்பதில்லை. மேலும் 'பனிக்காலம்' என்றால் மலேசியத் தமிழ் மாணவரின் மனத்தில் எழுவது வெண்மை போர்த்திய படம். வெண்மை இல்லாத வறண்ட குளிர்நாள் அப்படத்தில் இடம்பெறுவதே இல்லை.

இச்சிக்கல் தமிழுக்கு மட்டும் உரியதன்று. வட அமெரிக்க ஆங்கிலத்தில் இவ்வகை டயரை 'ஸ்னோ டயர்' என்று அழைக்கும் வழக்கு நெடுங்காலம் நிலவியது. இன்றும் பலர் அவ்வாறே சொல்கின்றனர். ஆனால் துறையினர் 'வின்டர் டயர்' என்னும் பெயரையே வலியுறுத்துகின்றனர். செருமானியரும் 'வின்டர்ரைஃபன்', அதாவது குளிர்கால டயர் என்றே வழங்குகின்றனர். பெயர் வெண்பனியிலிருந்து குளிர்காலத்திற்கு நகர்ந்ததற்குக் காரணம் டயரின் பொருளியல்பில் உள்ளது.

2. இரப்பரின் இயல்பும் 7 பாகையும்

டயர் சாலையைப் பற்றிக்கொள்வது எவ்வாறு? சாலையின் பரப்பு கண்ணுக்குச் சமமாகத் தோன்றினாலும் நுண்ணிய மேடுபள்ளங்களால் ஆனது. இரப்பர் மென்மையாக இருக்கும்போது அந்நுண்பள்ளங்களில் இறங்கிப் பொருந்துகிறது. அப்பொருத்தமே பிடிப்பு. ஒவ்வொரு டயரும் ஒரு நேரத்தில் சாலையைத் தொடும் பரப்பு ஏறத்தாழ ஓர் உள்ளங்கை அளவே. நான்கு உள்ளங்கைகளின் பிடிப்பில்தான் காரின் முழு எடையும் வேகமும் அடங்கியுள்ளன.

குளிரும்போது இரப்பர் இறுகுகிறது. மேலும் குளிர்ந்தால் ஒரு வெப்பநிலையில் கண்ணாடியைப் போல விறைத்துவிடும். அதனைக் கண்ணாடிநிலை மாற்ற வெப்பநிலை என்பர். பால்மரத்திலிருந்து கிடைக்கும் இயற்கை இரப்பருக்கு இது சுழியத்திற்குக் கீழே ஏறத்தாழ 70 பாகை செல்சியசு. செயற்கை இரப்பர் வகைகள் பலவற்றுக்கு இது உயர்ந்த நிலையில் உள்ளது. கலவையின் விகிதத்திற்கேற்ப மாறவும் செய்யும். மிகுவிசைக் கார்களுக்கான கோடைக்கால டயர் வெப்பமான சாலையில் உருக்குலையாமல் உறுதியாக நிற்க வேண்டும். ஆதலால் அதன் கலவை வெப்பத்திற்கு ஏற்ப அமைக்கப்படுகிறது. அதே கலவை குளிர்ந்த காலையில் நெகிழ்வை இழக்கிறது. விறைக்கும் நிலையை அது எட்ட வேண்டுவதில்லை; அதை நெருங்கும்போதே பிடிப்புக் குறையத் தொடங்கிவிடும்.

எந்த வெப்பநிலையில் குறையத் தொடங்குகிறது? துறையில் வழங்கும் பொதுவிதி 7 பாகை செல்சியசு. இது கத்தியால் வெட்டியது போன்ற எல்லையன்று. டயருக்கு டயர் சற்று வேறுபடும். ஆயினும் நினைவில் நிறுத்துவதற்கு நல்ல எண். கவனிக்க வேண்டியது ஒன்று: 7 பாகையில் வெண்பனி விழாது, நீர் உறையாது. சாலை கறுப்பாகவே இருக்கும். 'பனி டயர்' என்னும் பெயரை நம்பியவர் வெண்மையை எதிர்பார்த்துக் காத்திருப்பார். அவருடைய டயரோ அதற்கு முன்னரே இறுகத் தொடங்கியிருக்கும்.

மலேசியாவில் பதிவான மிகக் குறைந்த வெப்பநிலை, கேமரன் மலையில் 1978ஆம் ஆண்டு பெப்ரவரி முதல் நாள் பதிவான 7.8 பாகை. நம் நாட்டின் வரலாற்றுக் குளிரும் அவ்வெல்லைக்கு மேலேயே நின்றுவிட்டது. ஆகவே இவ்வறிவு நம் நாட்டு ஓட்டுநர்க்குப் பட்டறிவால் வருவதற்கு வாய்ப்பில்லை. சொல்லின் வழியாகவே வர வேண்டும். சொல்லே தவறாக வழிகாட்டினால் திருத்துவதற்கு வேறு துணை இல்லை.

குளிர்கால டயரின் அமைப்பு இக்காரணங்களிலிருந்தே பிறக்கிறது. அதன் கலவையில் இயற்கை இரப்பரும் சிலிக்கா என்னும் மணற்சத்தும் கூடுதலாக இடம்பெறும். இவை குளிரிலும் நெகிழ்வைக் காக்கும். தரையைத் தொடும் கட்டங்களில் மெல்லிய கீற்றுகள் பல வெட்டப்பட்டிருக்கும். சக்கரம் உருளும்போது கீற்றுகள் விரிந்து பல விளிம்புகளாகித் தரையைக் கவ்வும். கீற்றுகளிலும் பள்ளங்களிலும் வெண்பனி சிறிது தங்கும். அத்தங்கிய பனி சாலையிலுள்ள பனியோடு ஒட்டிக்கொண்டு பிடிப்பைக் கூட்டும். கோடைக்கால டயரில் இக்கீற்றுகள் அரிது.

இவ்வகை டயர் புதியதும் அன்று. ஃபின்லாந்து நாட்டில் இன்று நோக்கியன் டயர்ஸ் என அறியப்படும் நிறுவனம் 1934இல் சரக்குந்துகளுக்கும் 1936இல் கார்களுக்கும் குளிர்கால டயரை உருவாக்கியது. கார் டயருக்கு அந்நிறுவனம் இட்ட 'ஹக்கபெலீட்டா' என்னும் பெயர் பழைய ஃபின்லாந்துக் குதிரைப்படையினரைக் குறிப்பது.

3. பக்கச்சுவரின் இலக்கணம்

டயரின் பக்கச்சுவர் ஒரு நூலின் முகப்பேடு போன்றது. அதனைப் படிக்கத் தெரிந்தவர் கடைக்காரரின் வாய்ச்சொல்லை மட்டும் நம்பியிருக்க வேண்டுவதில்லை. நம் பொறியாளரின் காரில் '255/40 ஆர் 19 100 ஒய்' என்று பொறிக்கப்பட்டிருப்பதாகக் கொள்வோம். இதை ஒரு தொடராகக் கருதிச் சொற்பிரித்துக் காண்போம்.

255 என்பது டயரின் அகலம், மில்லிமீட்டரில். 40 என்பது பக்கச்சுவரின் உயரம். ஆனால் மில்லிமீட்டரில் அன்று, அகலத்தின் நூற்றுவீதத்தில். 255இல் 40 விழுக்காடு 102 மில்லிமீட்டர். 'ஆர்' என்பது இழைகள் மையத்திலிருந்து ஆரைகளாகச் செல்லும் கட்டமைப்பைக் குறிக்கும். 19 என்பது உள்வளையத்தின் விட்டம், அங்குலத்தில். ஒரே தொடரில் மெட்ரிக் அளவு, விகிதம், அங்குலம் என மூன்று அளவை முறைகள் அடுத்தடுத்து நிற்பது வியப்புக்குரியது. வெவ்வேறு காலத்தில் வெவ்வேறு நாடுகளில் தோன்றிய வழக்குகள் ஒன்றின்மேல் ஒன்றாகப் படிந்ததன் விளைவு இது. மொழிகளிலும் இத்தகைய படிவுகளைக் காண்கிறோம்.

100 என்பது எடைக் குறியெண். அது 100 கிலோவைக் குறிக்காது. அட்டவணைப்படி ஒரு டயர் தாங்கக்கூடிய 800 கிலோவைக் குறிக்கும். இறுதியில் நிற்கும் 'ஒய்' வேகக் குறி. கியூ 160, ஆர் 170, எஸ் 180, டி 190, யூ 200, எச் 210, வி 240, டபிள்யூ 270, ஒய் 300 என்பன மணிக்குக் கிலோமீட்டரில் அவற்றின் உச்ச வேகங்கள். இவ்வரிசையில் 'எச்' அகரவரிசை தப்பி 'யூ'வுக்கும் 'வி'க்கும் இடையில் நிற்பதைக் காணலாம். எஸ், எச், வி ஆகிய மூன்றும் பழைய முறையின் எச்சங்கள். பிற எழுத்துகள் பின்னர்ச் சேர்க்கப்பட்டன. ஒழுங்கற்ற வினைகள் மொழியில் எஞ்சுவதைப் போன்றதே இதுவும்.

'ஆர்' என்னும் எழுத்து இருமுறை வரக்கூடும் என்பதையும் மாணவர் நோக்க வேண்டும். அளவின் நடுவில் நின்றால் கட்டமைப்பு. இறுதியில் நின்றால் 170 கிலோமீட்டர் வேகம். எழுத்து ஒன்றே, இடமே பொருளை வேறுபடுத்துகிறது. தொடரியல் பாடத்திற்கு இதைவிட எளிய எடுத்துக்காட்டுக் கிடைப்பது அரிது.

மற்றொரு பகுதியில் டி.ஓ.டி. என்னும் எழுத்துகளில் தொடங்கும் குறி இருக்கும். அதன் இறுதி நான்கு இலக்கங்கள் டயரின் பிறந்தநாள். 3523 என்றால் 2023ஆம் ஆண்டின் 35ஆம் வாரம். இரப்பர் ஓடாமல் நின்றாலும் மூப்படையும். ஆகவே புதியது என்று விற்கப்படும் டயரிலும் இவ்விலக்கங்களைப் படிப்பது நன்று.

4. இரு குறிகள்: கூற்றும் சான்றும்

குளிர்கால டயரைத் தேடுவோர் பக்கச்சுவரில் காண வேண்டிய குறிகள் இரண்டு. அவற்றின் வேறுபாட்டில்தான் மொழியியலார்க்கு உரிய பாடம் அடங்கியுள்ளது.

முதலாவது 'எம்+எஸ்'. ஆங்கிலத்தில் சேற்றுக்கும் வெண்பனிக்கும் உரிய சொற்களின் முதலெழுத்துகள் இவை. இக்குறியில் குளிர் என்னும் கருத்தே இல்லை. அன்றியும், இக்குறியைப் பொறிப்பதற்கு டயர் எவ்விதச் சாலைச் சோதனையிலும் தேற வேண்டும் என்னும் விதி இருந்ததில்லை. பள்ளங்களின் வடிவத்தைக் கொண்டு ஆக்கியோரே இட்டுக்கொள்ளும் குறி அது. அதாவது, அது ஒரு கூற்று.

இரண்டாவது, மூன்று முகடுகள் கொண்ட மலையும் அதனுள் ஒரு பனிப்பூவும் வரையப்பட்ட படக்குறி. இதனைப் பொறிக்க வேண்டுமெனில், வெண்பனி படிந்த தளத்தில் ஒப்பீட்டு டயர் ஒன்றோடு சோதிக்கப்பட்டு, வரையறுத்த அளவு கூடுதல் பிடிப்பைக் காட்ட வேண்டும். அதாவது, அது ஒரு சான்று.

கூற்றையும் சான்றையும் வேறுபடுத்துவதற்குச் சட்டங்களே சில ஆண்டுகளை எடுத்துக்கொண்டன. கனடாவின் கியூபெக் மாநிலம் 2008இல் குளிர்கால டயரைக் கட்டாயமாக்கியது. 2014 திசம்பர் முதல் மலைக்குறி உள்ள டயரையோ ஆணி பதித்த டயரையோ மட்டுமே அது ஏற்கிறது. 2019 முதல் கட்டாயக் காலம் திசம்பர் 1 முதல் மார்ச் 15 வரை என நீட்டிக்கப்பட்டது. செருமனியில் 2017 இறுதிவரை செய்யப்பட்ட 'எம்+எஸ்' டயர்கள் 2024 செப்டம்பர் வரை பொறுத்துக்கொள்ளப்பட்டன. அதன்பின் மலைக்குறியே செல்லும். வட அமெரிக்காவில் 'எல்லாப் பருவத்திற்கும் உரியவை' என்னும் பெயரில் விற்கப்படும் டயர்கள் பலவற்றில் 'எம்+எஸ்' இருக்கும், மலைக்குறி இராது. 'எல்லாப் பருவம்' என்னும் தொடரில் கடுங்குளிரும் அடங்கும் என்று வாங்குவோர் கருதுவது இயல்பு. அத்தொடரை எழுதியோர் கருதியது அதுவன்று.

சான்றுக்கும் எல்லை உண்டு என்பதை மறைத்தல் கூடாது. மலைக்குறி சோதிப்பது வெண்பனிமீதான பிடிப்பை. உறைந்த பனிக்கட்டித் தளத்தின் பிடிப்பு வேறு. ஐரோப்பிய ஒன்றியம் 2021 மே முதல் நடைமுறைப்படுத்திய புதிய டயர்ச் சிட்டையில் வெண்பனிக்கு ஒரு குறியும் பனிக்கட்டிக்கு மற்றொரு குறியும் தனித்தனியே உள்ளன. தமிழில் நாம் ஒரே 'பனி'யில் அடக்கிவிடும் இரு பொருள்களை அச்சிட்டை இரு படங்களாகப் பிரிக்கிறது.

5. மிகுவிசைக் காருக்குரிய தேர்வு

பொதுவான காருக்கு மலைக்குறியும் சரியான அளவும் பெரும்பாலும் போதும். மிகுவிசைக் காருக்கு வேறு சில தேவைகளும் உள.

முதலாவது, உள்வளையத்தின் அளவு. கோடைக்காலத்தில் பெரிய உள்வளையமும் தாழ்ந்த பக்கச்சுவரும் திருப்பங்களில் உறுதியைத் தரும். குளிர்காலத்தில், பனிக்கடியில் மறைந்த குழிகள் அவ்வளையத்தை நெளித்துவிடும். ஆகவே ஓர் அங்குலம் குறைந்த வளையமும் உயர்ந்த பக்கச்சுவரும் கொண்ட தனித் தொகுதியைப் பலர் வைத்துக்கொள்வர். ஆனால் சக்கரத்தின் முழு விட்டம் மாறலாகாது. மாறினால் வேகமானி பிழையாகக் காட்டும். 255/40 ஆர் 19 டயரின் விட்டம் 482.6 மில்லிமீட்டரோடு இருமடங்கு 102 சேர்ந்து 686.6 மில்லிமீட்டர். 255/45 ஆர் 18 டயரின் விட்டம் 686.7 மில்லிமீட்டர். வேறுபாடு வெறும் 0.1 மில்லிமீட்டர். ஆயினும் மிகுவிசைக் கார்களின் தடைக்கருவி பெரியது. சிறிய வளையம் அதன்மேல் முட்டக்கூடும். எனவே கணக்கு ஒத்தாலும், காரின் கையேடு அனுமதிக்கும் அளவுகளின் பட்டியலைப் பார்த்த பின்னரே வாங்க வேண்டும்.

இரண்டாவது, எடைக் குறியெண். அது கையேட்டில் குறித்த எண்ணுக்குக் குறைதல் கூடாது.

மூன்றாவது, வேகக் குறி. குளிர்கால டயரின் மென்கலவை காரணமாக 'ஒய்' வகை எளிதில் கிடைப்பதில்லை; எச், வி, டபிள்யூ ஆகியவையே மிகுதி. செருமனி போன்ற நாடுகளில் காரின் உச்ச வேகத்தைவிடக் குறைந்த வேகக் குறியுள்ள குளிர்கால டயரைப் பூட்ட அனுமதி உண்டு. ஆனால் அவ்வேக வரம்பை எழுதிய ஒட்டி ஒன்று ஓட்டுநரின் கண்ணில் படும்படி இருத்தல் வேண்டும். சாலையில் வேக வரம்பில்லாத பகுதியிலும் டயருக்கு வரம்பு உண்டு என்பதை அவ்வொட்டி நினைவூட்டும்.

நான்காவது, உருவாக்குநரின் ஒப்புதற்குறி. சில டயர்களில் விண்மீன் வடிவமோ 'எம்ஓ', 'ஏஓ', 'என்' போன்ற எழுத்துகளோ இருக்கும். அவை முறையே பி.எம்.டபிள்யூ., மெர்சிடிஸ், ஆவுடி, போர்ஷ் கார்களுக்கெனச் சோதித்து இசைவளிக்கப்பட்டவை. பொதுமொழிக்குள் வட்டார வழக்கு அமைவதைப் போல, பொது அளவுக்குள் இவை தனிவழக்குகள்.

ஐந்தாவது, நான்கு சக்கரங்களுக்கும் ஒரே வகை. இயந்திரவிசை செல்லும் இரு சக்கரங்களுக்கு மட்டும் குளிர்கால டயர் போட்டால் போதும் என்பது தவறு. விசை புறப்படும்போது மட்டும் தேவை. தடையும் திருப்பமும் நான்கு சக்கரங்களையும் வேண்டுவன. பின்சக்கரங்களின் பிடிப்பு முன்சக்கரங்களைவிடக் குறைந்தால் கார் பம்பரம் போலச் சுழலும். மிகுவிசைக் கார்கள் சிலவற்றில் முன்னும் பின்னும் டயர் அளவே வேறு என்பதால் இரண்டையும் தனித்தனியே குறித்துக்கொள்ள வேண்டும்.

வாங்கிய பின்னும் கடமை உண்டு. குளிரில் காற்று சுருங்கும். வெப்பநிலை 10 பாகை இறங்கினால் டயரின் அழுத்தம் ஏறத்தாழ 0.1 பார் குறையும். பள்ளத்தின் ஆழம் 1.6 மில்லிமீட்டர் இருந்தால் சட்டப்படி செல்லும் என்பது பல நாடுகளின் விதி. ஆனால் வெண்பனியில் அது போதாது. ஆஸ்திரியா குளிர்கால ஆரைய டயருக்கு 4 மில்லிமீட்டர் வேண்டும் என விதித்துள்ளது.

6. நம் சாலைக்கு இதனால் என்ன பயன்?

இவையெல்லாம் வெளிநாடு செல்வோர்க்கு மட்டும் உரியவை என்று கருத வேண்டா. குளிர்கால டயரின் நற்பண்பே வெப்ப நாட்டில் அதன் குறையாகிறது. குளிரில் நெகிழும் கலவை, நண்பகல் வெயிலில் காய்ந்த நெடுஞ்சாலையில் மிகையாக இளகும். விரைவில் தேயும், தடைத்தொலைவு நீளும், திருப்பத்தில் கட்டங்கள் நெளியும். பழைய டயர்க் கடையில் குறைந்த விலைக்குக் கிடைக்கும் வெளிநாட்டு டயரில் மலையும் பனிப்பூவும் காணப்பட்டால், ஆழமான பள்ளங்களைக் கண்டு மகிழாமல் விலகிச் செல்வதே நன்று. அங்கே கடைக்காரர் காட்டுவது பள்ளத்தின் ஆழத்தை. நாம் படிக்க வேண்டியது பக்கச்சுவரை. புது டயருக்குப் பொருள்வசதி போதாத குடும்பங்களே பழைய டயரை நாடுகின்றன. அவர்களுக்கே இப்படிப்பறிவு முதலில் சென்று சேர வேண்டும்.

நம் சாலையில் அஞ்சத்தக்கது பெருமழை. பள்ளங்கள் தேய்ந்த டயர் நீரை வெளியேற்ற இயலாமல் நீர்ப்படலத்தின்மேல் மிதக்கும். அப்போது திசைத்திருப்பி கையில் இருந்தும் பயனில்லை. மலாயில் டயரின் பள்ளக்கோலத்தைப் பூ என்று பொருள்படும் 'புங்ஙா' என்றே வழங்குவர். அது உதிர்ந்ததை 'போத்தாக்', நம் பேச்சில் 'மொட்டை' என்பர். எளிய மக்களின் இச்சொற்கள் கலைச்சொல்லுக்குரிய தகுதியை முழுமையாகப் பெற்றவை. கேட்டவுடன் பொருள் விளங்குகிறது, எச்சரிக்கையும் உடன்வருகிறது.

7. எச்சொல்லைக் கற்பிப்பது?

'டயர்' என்பதா, 'ரயர்' என்பதா என்னும் வழக்கு முதலில் எழும். தமிழகத்தாரும் நாமும் டகரத்தால் எழுதுகிறோம். ஈழத்தார் ரகரத்தால் எழுதுகின்றனர். தொல்காப்பிய விதிப்படி டகரமும் மொழிக்கு முதலில் வாராது; ரகரமும் வாராது. ஆகவே இலக்கணத்தைக் காட்டி ஒரு சாராரை மற்றொரு சாரார் குறைகூற இடமில்லை. இரண்டும் வாழும் வழக்குகள். மான்ட்ரியலில் நம் பொறியாளர் இரண்டையும் அறிந்திருத்தல் நலம். 'உருளிப்பட்டை' போன்ற ஆக்கங்களைப் பாடநூலில் அறிமுகப்படுத்தலாம். ஆங்கிலச் சொல்லே 'அட்டயர்' என்னும் ஆடைப்பொருட் சொல்லின் சுருக்கம் என்பர். சக்கரத்தின் ஆடை என்னும் அவ்வுருவகத்தை மாணவர்க்குச் சொன்னால் சுவைப்பர்.

எழுத்தைவிட முதன்மையானது அடைமொழி. 'பனி டயர்' என்று எழுதுதல் கூடாது என்பதே என் துணிபு. அது கண்ணுக்குத் தெரியும் வெண்மையைக் காட்டி, கண்ணுக்குத் தெரியாத குளிரை மறைக்கிறது. 'குளிர்கால டயர்' என்பதே பொருந்தும். குளிரும் அதிலேயே உண்டு, காலமும் அதிலேயே உண்டு. 'கூதிர் டயர்' என்று பழஞ்சொல்லை மீட்கலாமே என்பார் இருக்கலாம். கூதிர் என்பது ஐப்பசியும் கார்த்திகையும் ஆகிய குளிர்பொழுது. பொருள் பொருந்தினும், சொல்லைக் கேட்டவர் அகராதியைத் தேடிச் செல்லும்படி ஆகும். உயிரைக் காக்கும் சொல் உடனே விளங்க வேண்டும். 'எல்லாப் பருவ டயர்' என்பதற்கு மாறாக 'மிதகால டயர்' என்று எழுதினால், கடுங்குளிருக்கு அது உரியதன்று என்பது பெயரிலேயே தெளிவாகும். வெண்பனி, பனிக்கட்டி, உறைபனி ஆகிய மூன்றையும் பாடநூல்கள் எவ்விடத்தும் பிரித்தே ஆள வேண்டும்.

ஆசிரியர்களுக்கு ஒரு பயிற்சியை முன்மொழிகிறேன். பள்ளி வளாகத்தில் நிறுத்தியுள்ள கார்களின் பக்கச்சுவர்களை மாணவர்கள் ஆசிரியரின் துணையோடு பார்த்து எழுதட்டும். ஒவ்வொரு தொடரையும் அகலம், விகிதம், கட்டமைப்பு, விட்டம், எடை, வேகம், பிறந்த வாரம் எனப் பிரிக்கட்டும். பின்னர் அதனை முழுத் தமிழ் வாக்கியமாக விரித்து எழுதட்டும். கணிதமும் அறிவியலும் தமிழும் ஒரே பாடவேளையில் கூடும். எட்டாண்டு மூத்த டயரில் வீட்டார் பயணம் செய்வதை ஒரு மாணவர் கண்டுபிடித்து வீட்டில் சொல்வாரெனின், அப்பாடவேளை தேர்வுத்தாளுக்கு அப்பாலும் பயன்தந்ததாகும்.

தோட்டங்களில் நம் முன்னோர் பால்மரம், ஒட்டுப்பால், நிரை எனத் தம் தொழிலுக்கு வேண்டிய சொற்களைத் தாமே ஆக்கியும் ஏற்றும் வழங்கினர். எவரும் அவர்களுக்குக் கலைச்சொல் அகராதி தரவில்லை. செய்யும் தொழிலை அறிந்திருந்தமையால் சொல் பொருந்தி அமைந்தது. அவர்கள் வெட்டிய பால் உருமாறிச் செல்லும் இடங்களுள் குளிர்நாட்டுச் சாலையும் ஒன்று. அப்பொருளின் இயல்பை அறிந்து, அவ்வறிவைச் சொல்லில் பொதிந்து, அடுத்த தலைமுறைக்கு அளிப்பது மொழியாசிரியரின் பணி. கலைச்சொல் அழகாக இருத்தல் நன்று. தூயதாக இருத்தல் இன்னும் நன்று. பயன்படுத்துவோரைத் தவறவிடாமல் காத்தல் அவ்விரண்டினும் மேலானது.